கருகல் நோயும் காணி விலையும்: சன்பிரான்சிஸ்கோ நகரப் புனரமைப்பின் வரலாறு

நகரங்கள் தாமாக நலிவதுமில்லை, தாமாகப் பொலிவதுமில்லை. அவற்றின் நலிவுக்கும் பொலிவுக்கும் பின்னால் மனிதரின் முடிவுகளும், அம்முடிவுகளுக்குப் பின்னால் பொருளாதார நலன்களும் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலாக உலகின் பல நாடுகளில், நலிந்த நகரப் பகுதிகளுக்குப் புத்துயிரளிப்பதும் அங்குள்ள வணிகத்தைத் தாங்கி வளர்ப்பதுமே தமது நோக்கமெனக் கூறிக்கொண்டு தனி அரச நிறுவனங்கள் தோன்றலாயின. இந்நோக்கத்தில் குறை காண்பார் எவருமிலர். ஆயினும், ஒரு நிறுவனத்தை மதிப்பிடுவதற்கு அதன் நோக்க உரையைப் படித்தல் மட்டும் போதாது. அது எவ்வழியில் வருவாய் பெற்றது, யாரை உள்ளே இருத்தியது, யாரை வெளியே அனுப்பியது என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு ஐக்கிய அமெரிக்காவின் சன்பிரான்சிஸ்கோ நகரத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்நகரின் புனரமைப்பு நிறுவனம் 1948 இல் அமைக்கப்பட்டு 2012 இல் சட்டத்தினாற் கலைக்கப்பட்டது. பிறப்பு முதல் இறப்பு வரை அதன் முழு வாழ்வும் நம் கண்முன் இருப்பதால், அதனை ஒரு முடிந்த வரலாறாகவே நோக்கலாம்.

நகரின் மையத்துக்கு மேற்கே பில்மோர் என்னும் வீதியைச் சூழ்ந்து வெஸ்டர்ன் அடிஷன் என வழங்கும் குடியிருப்பு உண்டு. 1906 இல் நேர்ந்த பெரும் பூகம்பமும் தீயும் நகரின் மையத்தை அழித்தபோது, இப்பகுதி தப்பியது. கடைகளும் அலுவலகங்களும் சில காலம் பில்மோர் வீதிக்கே பெயர்ந்தன. மரத்தாலான விக்டோரியாக் கால மாடி வீடுகளில் யூதர், யப்பானியர், கறுப்பின மக்கள் எனப் பலரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். 1942 இல், யுத்தத்தைக் காரணங்காட்டி, யப்பானிய வமிசாவளியினர் யாவரும் அரச ஆணையால் வெளியேற்றப்பட்டுத் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டனர். சன்பிரான்சிஸ்கோவில் மாத்திரம் ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் இக்கதிக்கு ஆளாயினர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளிலும் கடைகளிலும், கப்பல் கட்டும் தளங்களில் வேலை தேடி டெக்சாஸ், லூசியானா முதலிய தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர் குடியேறினர். 1940 இல் நகரின் கறுப்பின மக்கட்தொகை 4,846. 1950 இல் அது 43,502.

பத்தாண்டுகளுக்குள் ஒன்பது மடங்காகப் பெருகிய இம்மக்கள் நகரில் விரும்பிய இடத்தில் வாழ முடியவில்லை. வெள்ளையரல்லாதாருக்கு விற்பதில்லை என்னும் நிபந்தனைகள் காணி உறுதிகளிலேயே எழுதப்பட்டிருந்தன. இந்நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமுல்செய்யக் கூடாதென ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் 1948 இலேயே தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 1930களில், வீட்டுக் கடன் வழங்குவதற்கான சமஷ்டி அரசின் படங்களில் இப்பகுதி சிவப்பு நிறத்தால் அடைக்கப்பட்டிருந்தது. சிவப்பு நிறம் ஆபத்தான முதலீட்டின் அடையாளம். வங்கிகள் கடன் கொடா. கடனின்றிக் கூரை திருத்த முடியாது. திருத்தாத கூரை ஒழுகும். ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு நான்கு குடும்பங்களுக்குப் பகுக்கப்பட்டது. வாடகை பெற்றவர்களிற் பலர் வேறிடங்களில் வாழ்ந்தனர். இங்ஙனம், ஒரு பகுதியின் நலிவு இயற்கையில் நேர்ந்ததன்று; அது படிப்படியாக ஆக்கப்பட்டது. இதனை முதலில் மனங்கொள்ளுதல் அவசியமாகும்.

நலிவு என்று சொல்லப்பட்ட அதே காலத்தில் பில்மோர் வீதியின் வாழ்வு எவ்வாறிருந்தது? முடிதிருத்தும் நிலையங்களும், மீன் கடைகளும், சலவைக் கடைகளும், சிறு உணவகங்களும், மருந்துக் கடைகளும், தேவாலயங்களும் நெருங்கி நின்றன. இரவில் ஜாஸ் இசை ஒலித்தது. 1950 இல் போஸ்ட் வீதியில் தொடங்கிய ‘பொப் சிற்றி’ என்னும் இசைக்கூடத்தில் அக்காலத்தின் பேர்பெற்ற கலைஞர்கள் விடியும்வரை வாசித்தனர். ‘மேற்கின் ஹார்லெம்’ என்று இவ்வீதி பெயர் பெற்றதும் இதனாலேயே. இச்சிறு வணிகர்களின் மூலதனம் எது என ஆராய்ந்தால், அது வங்கியில் இருந்த பணமன்று என்பது புலனாகும். மலிவான கடை வாடகையும், நடந்து வரக்கூடிய தூரத்தில் வாழ்ந்த வாடிக்கையாளரும், மாத முடிவிற் பணம் தருவார் என்ற நம்பிக்கையில் எழுதிய கடன் கொப்பியுமே அவர்களது மூலதனம். இம்மூலதனத்தை ஒரு வீதியிலிருந்து பெயர்த்து இன்னொரு வீதியில் நாட்ட முடியாது.

நகரத் திட்டமிடுவோரின் கணக்கேட்டில் இவ்வகை மூலதனத்துக்கு இடமிருக்கவில்லை. அவர்கள் ஆண்ட சொல் வேறு. பயிரின் இலையிலே தோன்றி வயல் முழுவதும் பரவும் கருகல் நோயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஒன்றை அவர்கள் பழைய குடியிருப்புகளுக்குச் சூட்டினர். சொல் சிறிதாயினும் அதன் விளைவு பெரிது. நோய் என்றதும் காரணம் கேட்கும் தேவை இல்லாது போகின்றது. நோயுற்ற பயிரைப் பிடுங்கி எரித்தலே நியாயமாகின்றது. 1947 இல் அந்நகரின் வீடமைப்புச் சீர்திருத்தவாதிகள் வெளியிட்ட ஒரு பிரசுரம் பில்மோர் பகுதியை மெரீனா என்னும் வசதிமிக்க பகுதியோடு ஒப்பிட்டது. முன்னது தரும் வரி குறைவு, அதற்கு நகரம் செய்யும் செலவு அதிகம் என்பதே ஒப்பீட்டின் சாரம். அங்கு வாழ்ந்தோர் எத்துணைக் கஷ்டப்படுகின்றனர் என்ற கேள்வி, அவர்களால் நகரத்துக்கு எத்துணை நட்டம் என்ற கேள்வியாக இவ்வாறு உருமாறியது.

சட்டங்கள் இதற்கு வழி சமைத்தன. கலிபோர்ணியா மாநிலம் 1945 இல் நகரப் புனரமைப்புச் சட்டத்தை இயற்றியது. ஒவ்வொரு நகரமும் தனக்கென ஒரு நிறுவனத்தை அமைத்து, கருகிய பகுதியெனப் பிரகடனஞ் செய்த காணிகளைக் கட்டாயமாகச் சுவீகரித்து, கட்டடங்களை இடித்து, வெற்று நிலத்தைத் தனியாருக்கு விற்கலாம் என அச்சட்டம் கூறியது. 1949 இல் சமஷ்டி அரசின் வீடமைப்புச் சட்டம் வந்தது. கூடிய விலை கொடுத்து வாங்கிய காணியைத் துப்புரவாக்கிக் குறைந்த விலைக்கு விற்பதால் நேரும் நட்டத்தின் மூன்றில் இரண்டு பங்கைச் சமஷ்டி அரசே ஏற்றது. நட்டம் பொதுமக்களுக்கு, அதன் மேல் எழும் கட்டடத்தின் இலாபம் தனியாருக்கு.

1952 இல் கலிபோர்ணியா இன்னொரு நிதி வழியையும் திறந்தது. அதனை ஓர் எளிய உதாரணத்தால் விளக்கலாம். ஒரு பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு இலட்சம் டொலர் ஆதன வரி, அதாவது நாம் சோலை வரி என்று சொல்வது, கிடைக்கின்றதெனக் கொள்வோம். திட்டம் தொடங்கியவுடன் பாடசாலைகளும் ஏனைய பொது அமைப்புகளும் பெறும் தொகை அந்த ஒரு இலட்சத்திலேயே நிறுத்தப்படும். பின்னர் வரி மூன்று இலட்சமாக உயர்ந்தால், மேலதிகமான இரண்டு இலட்சமும் நிறுவனத்துக்கே செல்லும்; அதனைக் காட்டி அது கடன் முறிகளை வெளியிடும். 1974 இன் பின் பழைய சமஷ்டி நிதி நின்றபோது இவ்வரியே அந்நிறுவனங்களின் பிரதான ஊற்றாயிற்று. காணி விலை உயர்ந்தால் வாழ்வு, உயராவிடிற் கடன்சுமை என்ற நிலையில் உள்ள ஒரு நிறுவனம், காணி விலை தாழ்ந்திருப்பதாலேயே வாழும் சிறு வணிகனுக்கு எவ்வாறு துணை நிற்கும்? இது தனி மனிதரின் நல்லெண்ணத்தைப் பற்றிய கேள்வியன்று. அமைப்பின் உள்ளேயே இருந்த முரண்பாடு.

இம்முரண்பாடு நீதிமன்றத்துக்கும் சென்றது. தலைநகர் வாஷிங்டனின் தென்மேற்குப் பகுதியில் பல்பொருட் கடையொன்று சுவீகரிப்புக்குள்ளாயிற்று. தமது கடை சேரியன்று, அதனைப் பறித்து இன்னொரு தனியாருக்குக் கொடுத்தல் தகாது என உடைமையாளர் தரப்பினர் வாதிட்டனர். 1954 இல் உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏகமனதாக நிராகரித்தது. கட்டடங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டியதில்லை, பகுதியை முழுமையாக நோக்கலாம் என்பது தீர்ப்பு. நல்ல கடையாயினும் கருகிய பகுதியில் இருந்தால் அதுவும் போகும். நகரப் புனரமைப்பின் கையில் இதைவிட வலிய ஆயுதம் வேறில்லை.

சன்பிரான்சிஸ்கோவில் அவ்வாயுதத்தை ஏந்தும் கையை வலுப்படுத்தியவர்கள் யார்? 1956 இல் நிதி முதலாளி சார்ள்ஸ் பிளைத், காகிதத் தொழிலதிபர் சேலர்பாக் ஆகியோரின் பெயரால் ஒரு குழு உருவானது. நகரின் பெரு நிறுவனங்களின் பணமும் செல்வாக்கும் அதன் பின்னே நின்றன. பசிபிக் கரையின் நிதித் தலைமையகமாக நகரை மாற்றுதல் அவர்களது கனவு. புனரமைப்பு நிறுவனத்துக்குத் திறமைமிக்க நிர்வாகி ஒருவர் தேவை என அவர்கள் வற்புறுத்தினர். 1959 இல் ஜஸ்டின் ஹேர்மன் பணிப்பாளரானார். 1971 இல் இறக்கும்வரை அவரே அதன் மூளையும் கையுமாக விளங்கினார்.

வெஸ்டர்ன் அடிஷனின் முதலாம் திட்டம் 1956 இல் அங்கீகாரம் பெற்றது. கியறி வீதி அகன்ற நெடுஞ்சாலையாக்கப்பட்டு, குடியிருப்பை இரண்டாகப் பிளந்தது. முகாம்களிலிருந்து திரும்பி வந்து கடைகளை மீண்டும் தொடங்கிய யப்பானியக் குடும்பங்களிற் பல இரண்டாம் முறையாகப் பெயர்க்கப்பட்டன. அவர்களது தெருக்கள் இருந்த இடத்தில் 1968 இல் யப்பானிய வர்த்தக மையம் திறக்கப்பட்டது. பெயரிலே யப்பான் இருந்தது. பெயர்க்கப்பட்ட சிறு கடைக்காரருக்கு அதன் வாடகை எட்டாதிருந்தது.

இத்திட்டத்திலே நன்மை யாதும் விளையவில்லை எனல் பொருந்தாது. துப்புரவாக்கிய நிலத்தின் ஒரு பகுதியைத் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் ஓய்வூதிய நிதி கைக்கொண்டு, சென்ற் பிரான்சிஸ் ஸ்குவேர் என்னும் கூட்டுறவு வீடமைப்பை 1960களின் முற்பகுதியில் உருவாக்கியது. 299 வீடுகள், வெள்ளையரும் கறுப்பரும் ஆசிய இனத்தவரும் அயலவராக வாழும் ஏற்பாடு, நிர்வாகம் குடியிருப்பாளர் கையில். அதே நிறுவனம், அதே சட்டம், அதே நிலம். ஆயினும், நிலத்தைப் பெற்றவர் யார் என்பது மாறியதும் விளைவும் மாறியது. அரசின் தலையீடு என்பதையே தீமையென வெறுப்போர்க்கும், அதனையே நன்மையெனப் போற்றுவோர்க்கும் இவ்வுதாரணம் ஒருங்கே மறுமொழி கூறுகின்றது.

1964 இல் மாநகர ஆட்சிமன்றத்தின் அனுமதி பெற்ற இரண்டாம் திட்டம் பன்மடங்கு பெரியது. பில்மோர் வீதியின் இதயம் அதனுட் சிக்கியது. பிற்காலத்தில் வெளியான கணக்கின்படி 883 வணிக நிலையங்கள் மூடப்பட்டன; 4,729 குடும்பங்கள் வெளியேறின; ஏறத்தாழ 2,500 விக்டோரியா வீடுகள் தரைமட்டமாயின. நகரப் புதுப்பிப்பு என்பது கறுப்பரை அகற்றுதலே என்று எழுத்தாளர் ஜேம்ஸ் போல்ட்வின் 1963 இல் ஒரு தொலைக்காட்சி உரையாடலிற் கூறியது வெறும் சொல்லலங்காரமன்று.

நட்டஈடு கொடுக்கப்படவில்லையா எனக் கேட்கலாம். கொடுக்கப்பட்டது, ஆனால் காணிக்கும் கட்டடத்துக்குமே கொடுக்கப்பட்டது. கடையை வாடகைக்கு நடத்தியவருக்குப் பொருள்களை ஏற்றிச் செல்லும் செலவாக 1956 ஆம் ஆண்டுச் சமஷ்டித் திருத்தம் அதிகபட்சம் 2,000 டொலர் விதித்தது. குடும்பத்துக்கு 100 டொலர். தளபாடத்தை ஏற்றலாம், வாடிக்கையாளரை எந்த வண்டியில் ஏற்றுவது? வாடிக்கையாளரும் அதே நாட்களில் வேறு வேறு திசைகளுக்குச் சிதறினரே! வெளியேறியோர் பின்னர் முன்னுரிமையுடன் திரும்பலாம் என உறுதியளிக்கும் சான்றிதழ்கள் அச்சிட்டு வழங்கப்பட்டன. திரும்பிவர ஆண்டுகள் பல கடந்தன. இடிக்கப்பட்ட நிலத்தின் பெரும்பகுதி 1970கள் முழுவதும் கம்பி வேலிக்குள் வெறுமையாகவே கிடந்தது. சான்றிதழ் பெற்றவர்களில் மிகச் சிறு பகுதியினரே அதனைப் பயன்படுத்தினர்.

மக்கள் வாளாவிருக்கவில்லை. 1967 இல் மதகுருமாரும் குடியிருப்பாளரும் சேர்ந்து வெஸ்டர்ன் அடிஷன் சமூக அமைப்பை நிறுவினர். ஹனிபல் வில்லியம்ஸ், மேரி ஹெலன் றோஜர்ஸ் முதலானோர் இடிக்கும் இயந்திரங்களின் முன்னே நின்று தடுத்தனர். அவ்வமைப்பு தொடுத்த வழக்கில் 1968 டிசம்பரில் சமஷ்டி நீதிபதி வில்லியம் சுவைகர்ட், ஏற்கத்தக்க மீள்குடியேற்றத் திட்டம் இல்லாமல் சமஷ்டிப் பணம் செல்லலாகாது எனத் தடையுத்தரவு பிறப்பித்தார். அத்தடை சில மாதங்களில் நீங்கியது, இடிப்பும் தொடர்ந்தது. ஆயினும், ஏழைகள் ஒரு புனரமைப்பு நிறுவனத்தை நீதிமன்றத்திலே நிறுத்த முடியும் என்பது நிரூபணமாயிற்று.

அந்நிரூபணம் நகரின் மறுபக்கத்திற் கனிந்தது. மார்க்கெட் வீதிக்குத் தெற்கே யெர்பா புவேனா என்னும் திட்டத்துக்காக ஏறத்தாழ நாலாயிரம் பேரும் நூற்றுக்கணக்கான சிறு வணிக நிலையங்களும் அகற்றப்பட இருந்தனர். அங்கு வாழ்ந்தோரிற் பெரும்பாலோர் மலிவான விடுதி அறைகளில் தனித்து வாழ்ந்த வயோதிபத் தொழிலாளர்; ஒரு காலத்திற் கப்பலிலும் துறைமுகத்திலும் மீன்பதனிடும் ஆலையிலும் உழைத்தவர்கள். அவர்களை நாடோடிகள் எனப் பத்திரிகைகள் இகழ்ந்தன. ஆனால், அந்நாடோடிகளிடம் தொழிற்சங்கப் பயிற்சி இருந்தது. பழைய தொழிற்சங்கத் தலைவர் ஜோர்ஜ் வூல்ஃபின் தலைமையில் 1969 இல் அவர்கள் ஒன்றுதிரண்டு வழக்குத் தொடுத்தனர். 1970 இல் நீதிபதி ஸ்டான்லி வைகல் திட்டத்தைத் தடுத்தார். 1973 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, நகரின் ஹோட்டல் வரியைக் கொண்டு அதே பகுதியில் முதியோருக்கு மலிவு வாடகை வீடுகள் எழுந்தன. 1979 இல் திறக்கப்பட்ட முதலாவது மாடிக்கு வூல்ஃபின் பெயரே சூட்டப்பட்டது. அவ்வீடுகளை நகரம் தானாக வழங்கவில்லை, போராடியவர்களே பெற்றனர்.

பில்மோருக்குப் பிற்காலத்தில் நேர்ந்தது வேறொரு வகைச் சோகம். தான் அழித்த ஜாஸ் வீதியை மீட்டெடுக்க அதே நிறுவனம் முனைந்தது. 2007 இல் பொதுக்கடனின் துணையோடு பெரும் இசைக்கூடமும் உணவகமும் அடங்கிய பில்மோர் பாரம்பரிய மையம் திறக்கப்பட்டது. 2014 இல் அவ்விசைக்கூடம் மூடப்பட்டது. ‘பொப் சிற்றி’ நடந்த வீடு மட்டும் இடிப்புக்குத் தப்பிப் பில்மோர் வீதிக்குப் பெயர்க்கப்பட்டு, அங்கே கறுப்பின எழுத்துக்களுக்கான ஒரு புத்தகசாலை நெடுங்காலம் இயங்கியது; அதுவும் 2014 இல் அவ்விடத்தை இழந்தது. கேட்போர் வாழ்ந்த தெருவை அகற்றிவிட்டுக் கச்சேரி மேடையைக் கட்டுதல் பயன் தராது.

நிறுவனத்தின் முடிவும் சிந்தனைக்குரியது. 2011 இல் ஆளுநர் ஜெரி பிறவுண், மாநிலத்தின் வரவுசெலவுப் பற்றாக்குறையைச் சமாளிக்கும்பொருட்டு, கலிபோர்ணியாவின் புனரமைப்பு நிறுவனங்களை ஒழிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தார். ஏறத்தாழ 400 நிறுவனங்கள். மாநிலத்தின் ஆதன வரியில் சுமார் 12 வீதம் அவற்றுக்குச் சென்றுகொண்டிருந்தது. பாடசாலைகள் இழந்த பங்கை மாநில அரசே ஈடுசெய்ய வேண்டியிருந்தது. டிசம்பர் மாதத்தில் மாநில உயர் நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றது. 2012 பெப்ரவரி 1 இல் அவை கலைந்தன. வெளியேற்றப்பட்டவர்களின் கண்ணீருக்காக அவை கலைக்கப்படவில்லை. கணக்குச் சரிவராமையாலேயே கலைக்கப்பட்டன. அத்துடன், மேலதிக வரியில் ஐந்திலொரு பங்கை மலிவு வீடுகளுக்கு ஒதுக்கவேண்டும் என 1976 இல் விதிக்கப்பட்ட கடமையும் மறைந்தது. மக்கள் அழுத்தத்தால் வந்த நன்மையும் அமைப்பின் தீமையும் ஒன்றாகவே புதைக்கப்பட்டன.

கழிவிரக்கம் காலந்தாழ்த்தி வந்தது. ஹேர்மனின் பெயர் தாங்கிய சதுக்கத்திலிருந்து அப்பெயரை அகற்ற 2017 இல் நகரம் தீர்மானித்தது. முன்னுரிமைச் சான்றிதழின் உரிமை 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தால் வெளியேற்றப்பட்டவர்களின் சந்ததியினருக்கும் நீட்டப்பட்டது. நகர் முழுவதிலும் நிறுவனம் அழித்த 14,000க்கு மேற்பட்ட மலிவு வீடுகளில் ஏறத்தாழப் பாதிக்கே ஈடு செய்யப்பட்டிருந்த நிலையில், எஞ்சியவற்றுள் சுமார் 5,800 வீடுகளைக் கட்ட நிதி திரட்டும் சட்டம் 2023 இல் நிறைவேறியது. 2024 இல் நகர ஆட்சிமன்றம் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கோரியது. 1970 இல் நகர மக்களில் எண்மருள் ஒருவருக்கு மேலாயிருந்த கறுப்பினத்தவர், 2020 இல் இருபதின்மருள் ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்திருந்தனர். மன்னிப்பைக் கேட்கவேண்டியவர்களிற் பெரும்பாலோர் அதனைக் கேட்க அங்கு இருக்கவில்லை.

வேறு வழி அக்காலத்தில் அறியப்படவில்லை என்று எவரும் சமாதானங் கூறமுடியாது. 1914, 1915 ஆம் ஆண்டுகளிலேயே பற்றிக் கெடிஸ் என்னும் ஸ்கொத்லாந்து அறிஞர், சென்னை மாகாணத்தின் தஞ்சை, மதுரை முதலிய நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து ஆராய்ந்தார். நெருக்கடியான குடியிருப்பின் நடுவே நேர்கோடாக வீதி வெட்டி வீடுகளைத் தகர்க்கும் முறையை அவர் கண்டித்தார். முதலில் நோயறிதல், பின்னர் இன்றியமையாத இடத்தில் மாத்திரம் கத்தி வைத்தல் என்பது அவரது கோட்பாடு. கெட்டுப்போன ஒரு வீட்டை அகற்றி அவ்விடத்தில் முற்றமும் நிழல்மரமும் அமைத்தால், சூழவுள்ள பத்து வீடுகள் பிழைக்கும். கொழும்பு நகருக்கும் அவர் 1921 இல் ஓர் அறிக்கை எழுதினார்.

அந்தக் கொழும்பிலும் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தால் நகர அபிவிருத்தி அதிகார சபை நிறுவப்பட்டது. 2010 இல் அது பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்தபின், தோட்டங்கள் எனப்படும் குடியிருப்புகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நகரின் வடக்கிலும் கிழக்கிலும் எழுந்த அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. நாடு வேறு, சட்டம் வேறு. ஆயினும், வாசலில் அப்பம் சுட்டு விற்றவளுக்குப் பன்னிரண்டாம் மாடியில் வாசல் எங்கே என்னும் கேள்வி, பில்மோர் வீதியிற் கேட்கப்பட்ட கேள்வியின் உடன்பிறப்பாகவே ஒலிக்கின்றது.

பழைய வீடுகளின் ஒழுகும் கூரையையும் நாற்றமெடுக்கும் கழிவுக் கானையும் நாம் அழகெனப் போற்றவில்லை. அவற்றில் வாழ்ந்தோரே மாற்றத்தை முதலில் வேண்டினர். அவர்கள் வேண்டியது கூரைக்கு ஓடு. கிடைத்தது கூரையோடு வீட்டின் மறைவு. ஆகவே, நலிந்த பகுதிக்குப் புத்துயிர் என்ற சொற்றொடரை இனி எங்கு கேட்பினும் மூன்று வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். இந்நலிவை ஆக்கியவர் யார்? காணி விலை உயர்ந்தால் அவ்வுயர்வு யாருக்கு? இன்று இங்கு கடை வைத்திருப்பவர் பத்தாண்டின் பின்னும் இங்கு கடை வைத்திருப்பாரா? இம்மூன்று வினாக்களுக்கும் விடையளிக்கும் இடத்தில், சென்ற் பிரான்சிஸ் ஸ்குவேர்த் தொழிலாளரைப் போலவும் வூல்ஃபின் தோழர்களைப் போலவும், அங்கு வாழும் மக்களே ஸ்தாபன ரீதியாக அமர்ந்திருக்கும்போதுதான், புனரமைப்பு என்னும் சொல்லுக்கு மனிதரும் அடங்கிய பொருள் கிடைக்கும்.